900 கிலோமீட்டரிலேயே கியர்பாக்ஸ் மக்கர், டீலர் சொல்வதை நம்பலாமா?

கேள்வி:
ஸ்போர்ட்ஸ் கார் எடுத்து மூன்று வாரம்தான் ஆகிறது, இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். நேற்று இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது ஒரு பெரிய உலுக்கல், திரையில் எச்சரிக்கை, அப்புறம் நியூட்ரலுக்குப் போய் வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. டீலர் பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு, “சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு, எடுத்துட்டுப் போங்க” என்கிறார். எனக்கு மனசே ஒப்பவில்லை. எடுக்கலாமா?

பதில் 1:
அவசரப்படாதீர்கள். முதலில் ஜாப் கார்டில் (ஒர்க்‌ஷாப்பில் புகாரைப் பதியும் தாள்) “ஓடும்போது டிரைவ் போய்விட்டது”, அதாவது இன்ஜின் சக்தி சக்கரத்துக்கு வரவில்லை என்று உங்கள் வார்த்தையிலேயே எழுத வையுங்கள். “வாடிக்கையாளர் சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்” என்று மழுப்பினால் பின்னால் வாரண்டி பேசும்போது கஷ்டம். அழிப்பதற்கு முன் ஸ்கேன் அறிக்கையைச் சேமித்திருப்பார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பிழை வந்த நொடியில் இருந்த வேகம், எண்ணெய் வெப்பம் எல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும்.

பதில் 2:
இந்த வகை கியர்பாக்ஸில் ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டிலிருந்து மூன்று என்றால் ஒரு கிளட்சிலிருந்து இன்னொன்றுக்குப் பொறுப்பு கை மாறும் இடம். கிளட்சை இயக்கும் ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தம் விழுந்தால் பல வண்டிகளில் இரண்டு கிளட்சும் பிடியை விட்டுவிடும், நீங்கள் சொல்வதும் அப்படித்தான் இருக்கிறது. பம்பு, வால்வு, சென்சார் எதையும் பார்க்காமல் வெறும் அப்டேட் என்றால் நான் ஏற்க மாட்டேன். கியர் எண்ணெயை வடித்து, உள்ளே உலோகத் துகளைப் பிடிக்கும் காந்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: புது வண்டியில் சாம்பல் நிறப் பசை கொஞ்சம் இருப்பது சகஜம், கண்ணுக்குத் தெரியும் உலோகச் சில்லு சகஜமே இல்லை.

கேட்டவர்:
சரி, வண்டி அங்கேயே இருக்கட்டும். காலையில் ஜாப் கார்டைத் திருத்தச் சொல்கிறேன், ரொம்ப நன்றி.