கிளப் மைதானத்திலிருந்து கவுண்டி அணி வரை: ஹர்லிங் ஆடும் பிள்ளைகளோடு எங்கள் அனுபவங்கள்

அயர்லாந்தின் லிமெரிக் கவுண்டியில் (மாவட்டத்தில்) வசிக்கும் ஒரு தந்தை:

மட்டையும் பந்தும் கொண்டு ஆடும் அயர்லாந்தின் மரபு விளையாட்டு ஹர்லிங். என் மகன் ஏழு வயதில் முதன்முதலாக அதன் மட்டையைக் கையில் எடுத்தபோது, கிரிக்கெட் ஆடி வளர்ந்த நான் வேலிக்கு இப்பால் நின்றபடியே அவன் பிடியைத் திருத்தினேன். வலக்கைக்காரனான அவனுக்கு இடக்கை மேலேயும் வலக்கை கீழேயும் இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்த பாடம். கிளப்பின் பயிற்சியாளர் என்னிடம் வந்து, ஹர்லிங்கில் வலுவான கைதான் மேலே இருக்க வேண்டும் என்றும், ஓடும்போது மட்டையை அந்த ஒரு கையே ஏந்திக்கொள்ள, மற்றொரு கை பந்தைப் பிடிப்பதற்குக் காலியாக இருந்து, அடிக்கும் நேரத்தில் மட்டும் கீழே வந்து சேர்ந்துகொள்ளும் என்றும் பொறுமையாக விளக்கினார். நான் ஒரே மாலையில் கற்றுக்கொடுத்ததை மறக்கடிக்க அவருக்குச் சில வாரங்கள் ஆயின. அவர் மாலை நேரங்களில் ஊதியமின்றி வந்து உழைப்பவர். அயர்லாந்தின் மரபு விளையாட்டுகளை நடத்தும், ஜி.ஏ.ஏ. எனப்படும் கேலிக் விளையாட்டுச் சங்கம் 1884இல் தர்லஸ் நகரில் தொடங்கப்பட்டது முதல் இன்றுவரை, ஊர்க் கிளப்புகள் இத்தகைய மனிதர்களின் தோள்களில்தான் நிற்கின்றன.

சிறு வயதில் 'கோ கேம்ஸ்' என்ற முறையில் ஆடுகிறார்கள். அணியும் சிறியது, மைதானமும் சிறியது. கோப்பை கிடையாது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட இடம் உண்டு. தொடக்கத்தில் எனக்கு இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் தோல்விக்கு அஞ்சிப் பந்தைக் கண்டபடி விளாசாமல், தரையில் கிடக்கும் பந்தைக் கையால் தொடாது மட்டையாலேயே எழுப்பி எடுக்கும் வித்தையைப் பிள்ளைகள் துணிந்து முயன்று பார்ப்பதற்கு இந்த வயதில்தான் இடமிருக்கிறது என்பதைப் பின்னர் கண்டுகொண்டேன்.

பதினான்கு வயதில் அவன், கிளப்புகளிலிருந்து பதின்ம வயதினரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றும் கவுண்டியின் வளர்ச்சி அணிக்கு அழைக்கப்பட்டான். லிமெரிக்கில் இது வெறும் பெருமைக்குரிய செய்தியன்று. 2000, 2001, 2002 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து 21 வயதுக்குட்பட்டோருக்கான அகில அயர்லாந்துப் பட்டத்தை வென்றும், அந்தத் தலைமுறையால் பெரியோர் பட்டத்தை எட்ட முடியவில்லை என்ற வருத்தத்தை இங்குள்ள முதியவர்கள் இன்னும் சொல்வார்கள். அதன் பின்னரே பதின்ம வயதினருக்கான அகாடமியைக் கவுண்டி பொறுமையாக வளர்த்தெடுத்தது. 2015இலும் 2017இலும் 21 வயதுக்குட்பட்டோர் பட்டம் வந்தது. 1973க்குப் பிறகு எட்டாக்கனியாக இருந்த பெரியோர் பட்டம் 2018இல் வந்தது. அடுத்து 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு முறை வந்தது. மகனின் வளர்ச்சி அணியில் வெற்றியைப் பற்றிய பேச்சைவிட, பந்தின் முதல் தொடுதல், இடப்பக்கத்திலிருந்தும் அடிப்பது, உறக்கம், உணவு ஆகியவற்றைப் பற்றிய பேச்சையே நான் அதிகம் கேட்டேன்.

வேறொரு கவுண்டியில் வசிக்கும் ஒரு தாய்:

எங்கள் அனுபவம் வேறு. கவுண்டியின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. என் மகன் நவம்பரில் பிறந்தவன். வயதுப் பிரிவு ஜனவரி 1ஆம் தேதியைக் கொண்டு கணக்கிடப்படுவதால், தன்னைவிடப் பத்து மாதம் மூத்த, ஒரு தலை உயரமான பையன்களோடு அவன் தேர்வில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டே மாலைகளில் தேர்வு முடிந்தது. காரணம் எதுவும் சொல்லாத ஒரு குறுஞ்செய்தி வந்தது. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு அப்படி ஒரு செய்தியை அனுப்புவது சரியல்ல என்றே இன்றும் நினைக்கிறேன். எதில் தேற வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால்கூட அவன் அதைப் பற்றிக்கொண்டிருப்பான். இரண்டு வாரங்கள் அவன் மட்டையைத் தொடவே இல்லை.

அவனை மீட்டது கிளப்தான். அங்கிருந்த பயிற்சியாளர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. எட்டு வயதுக் குழந்தைகளின் பயிற்சிக்கு உதவியாக ஒருவர் வேண்டும் என்று மட்டும் சொல்லி அழைத்துச் சென்றார். சின்னஞ்சிறு பிள்ளைகளுக்குப் பந்தை எழுப்பக் கற்றுக்கொடுத்தபோது அவனுடைய கையும் சீரானது. சுவரில் பந்தை அடித்துத் திரும்பப் பிடிக்கும் பழக்கமும் அவனுக்குத் திரும்பி வந்தது. பதினாறு வயதில் உடல் வளர்ந்த பிறகு கவுண்டியிலிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. ஒரு பருவம் பயிற்சி பெற்றான். 17 வயதுக்குட்பட்டோருக்கான இறுதிப் பட்டியலில் இடம் கிடைக்கவில்லை. இம்முறை பயிற்சியாளரே நேரில் அமர்ந்து அரைமணி நேரம் பேசினார். அன்று மாலையே அவன் கிளப் பயிற்சிக்குச் சென்றுவிட்டான். இப்போது பத்தொன்பது வயதில் கிளப்பின் பெரியோர் அணியில் பின்வரிசையில் ஆடுகிறான்.

கில்கென்னியில் சிறுவர்களுக்குப் பயிற்சியளிக்கும் ஓர் உறுப்பினர்:

மேலே உள்ள இரண்டையும் படித்த பிறகு, புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கும் நம்மவர்களுக்கு ஒரு செய்தி மட்டும் சொல்ல விரும்புகிறேன். 'வளர்கிற பிள்ளைதானே' என்று பள்ளிச் சட்டை வாங்குவதைப் போல, மட்டையையும் இரண்டு மூன்று அங்குலம் நீளமாக வாங்கி வருகிறார்கள். நீண்ட மட்டையைப் பிடிக்கும் குழந்தை மேல்கையைக் கீழே இறக்கிக்கொள்கிறது. மட்டையின் முனை வயிற்றில் முட்டுகிறது. சுழற்ற முடியாமல் தள்ளத் தொடங்குகிறது. இந்தப் பழக்கம் பதின்மூன்று வயதிலும் போகாமல் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மட்டை செய்யப் பயன்படும் ஆஷ் மரத்தைத் தாக்கும் பூஞ்சை நோய் 2012இல் அயர்லாந்தில் கண்டறியப்பட்டதிலிருந்து, நல்ல ஆஷ் மட்டை கிடைப்பது அரிதாகிவருகிறது என்பதையும், அதனால் ஒன்றையே பல ஆண்டுகளுக்கு வைத்துக்கொள்ள எண்ணுகிறார்கள் என்பதையும் அறிவேன். எங்கள் கிளப்பில் அதற்காகவே, வளர்ந்த பிள்ளைகள் விட்டுச்சென்ற சிறிய மட்டைகளை ஒரு பீப்பாயில் நிறுத்தி வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலையில் வரும் குழந்தை, கையைத் தளரத் தொங்கவிட்டு நின்று, தன் மணிக்கட்டு வரை எட்டும் மட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அது சிறிதானதும் பீப்பாயில் திருப்பி வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கலாம்.