97 மதிப்பெண் எடுத்தும் என்3 தேர்வில் தோல்வி: ஜப்பானியத்தைத் தொடர்வதா, விடுவதா?

வினா: ஒரகடத்தான்

வணக்கம். ஒரகடத்தில் ஜப்பானிய நிறுவனமொன்றின் தர ஆய்வுப் பிரிவில் பணிபுரிகிறேன். ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் என்4 நிலையை முதல் முயற்சியிலேயே முடித்துவிட்டேன். அதற்கு அடுத்த, கடினமான என்3 நிலையை இரண்டு முறை எழுதித் தவறவிட்டேன். சென்ற ஜூலையில் மொழியறிவில் 41, வாசிப்பில் 17, கேட்டலில் 39, ஆக மொத்தம் 97. தேர்ச்சிக்கு 95 போதும் என்றாலும் ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தது 19 வேண்டும் என்பது விதி. இரண்டு மதிப்பெண்ணில் போயிற்று. அன்றிலிருந்து புத்தகத்தைத் தொடவே மனம் வரவில்லை. சொற்களை அட்டை அட்டையாகக் காட்டி நினைவூட்டும் ஆன்கி செயலியைத் திறந்தால் 1,400 அட்டைகள் காத்திருப்பதாகக் காட்டுகிறது. திறந்த வேகத்தில் மூடிவிடுகிறேன். மூன்று ஆண்டுகள் படித்தும், மேலாளர் சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் பேசினால் மொழிபெயர்ப்பாளரின் முகத்தைத்தான் பார்க்கிறேன். டிசம்பர் தேர்வுக்கு மீண்டும் பணம் கட்டுவதா, கொஞ்ச காலம் ஒதுங்கியிருப்பதா?

மறுமொழி: மூங்கில்

நண்பரே, அந்த மதிப்பெண் பட்டியலிலேயே பதில் இருக்கிறது. என்4 நிலையில் சொல், இலக்கணம், வாசிப்பு மூன்றும் சேர்ந்து 120 மதிப்பெண்ணுக்கு ஒரே பகுதி. அதில் குறைந்தது 38 எடுத்தால் போதும் என்பதால், சொற்களை உருப்போட்டவர் அந்தப் பலத்தைக் கொண்டே வாசிப்பில் உள்ள ஓட்டையை மூடிக்கொள்ளலாம். என்3 நிலையில் வாசிப்பு 60 மதிப்பெண்ணுக்குத் தனியே பிரிந்துவிடுகிறது, மூட வழியில்லை. நீங்கள் மூன்று ஆண்டுகளில் எத்தனை அட்டை பார்த்தீர்கள், எத்தனை பக்கம் படித்தீர்கள் என்று கணக்குப் பாருங்கள்.

ஜப்பானில் 'ததோகு' என்றொரு வாசிப்பு முறை உண்டு. மிக எளிய நூலில் தொடங்க வேண்டும், அகராதியைத் தொடக் கூடாது, புரியாததைத் தாண்டிச் செல்ல வேண்டும், சலித்தால் தயங்காமல் வேறு நூலுக்கு மாற வேண்டும். இதற்கென்றே நிலைவாரியாக எழுதப்பட்ட குறுநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த வயதில் குழந்தைக் கதையா என்று எனக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் என்று நான்கு மாதம் படித்த பிறகு, தேர்வில் வாசிப்புப் பகுதியை நேரம் மிச்சமிருக்க முடித்தேன்.

மறுமொழி: செம்பருத்தி

அந்த 1,400 அட்டைகளையும் தீர்த்த பிறகே மறுவேலை என்றிருந்தால் இந்த ஜென்மத்தில் தீராது. புதிய அட்டைகளை நிறுத்திவிட்டு, நாளுக்கு ஐம்பது என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் மீண்டும் மறந்துபோகும் 'கஞ்சி' எழுத்தை (சீனத்திலிருந்து ஜப்பானியம் எடுத்துக்கொண்ட எழுத்து) அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அதன் உறுப்புகளைப் பாருங்கள். கோயிலைக் குறிக்கும் எழுத்தின் ஒலி 'ஜி'. அதன் இடப்பக்கம் ஞாயிறு சேர்ந்தால் நேரம், கை சேர்ந்தால் வைத்திருத்தல். இரண்டுக்கும் ஒலி 'ஜி'தான். சொல்லைக் குறிக்கும் உறுப்பு சேர்ந்தால் கவிதை, ஒலி 'ஷி'. எல்லா எழுத்தும் இப்படிப் பணிந்து வராது. காத்திருத்தலைக் குறிக்கும் எழுத்திலும் அதே கோயில் உண்டு, ஒலியோ 'தை'!

மறுமொழி: நகோயா வாசி

தம்பி, நான் எழுதிய காலத்தில் நான்கே நிலைகள். மூன்றாம் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவே கிடந்த பள்ளத்தைத் தூர்க்கத்தான் 2010இல் என்3 கொண்டுவரப்பட்டது. ஆகவே அங்கே கால் இடறுவது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததல்ல.

மேலே இருவரும் சொன்னது தேர்வுக்குச் சரி. ஆனால் இத்தேர்வில் பேச்சுப் பகுதியே கிடையாது. மேலாளர் முன் விழிப்பதற்கு மருந்து வேறு. ஆங்கிலம் வழியாகப் புரிந்துகொள்வதை நிறுத்துங்கள். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டென்று நிறுவ முயன்றார், மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை; உறவு கிடக்கட்டும், வாக்கிய அமைப்பு நமக்குக் கைவந்தது. 'தபேதே மிரு' என்பது சாப்பிட்டுப் பார், 'தபேதே ஷிமாவு' என்பது சாப்பிட்டுவிடு, 'கத்தே ஓகு' என்பது வாங்கி வை. மிரு என்றால் பார்த்தல், ஓகு என்றால் வைத்தல். துணைவினை கூட அதே வேலையைச் செய்கிறது. ஆங்கில விளக்கத்தில் இவை மூன்றும் மூன்று தனிப் பாடங்கள்.

கொடுத்தலிலும் ஓர் அழகு உண்டு. எனக்குத் தருவது 'குரெரு', பிறர்க்குக் கொடுப்பது 'அகெரு'. தருதல் தன்மை முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் உரியவை என்று தொல்காப்பியம் பிரித்த பிரிவை நினைத்துக்கொண்டால் பாதி தெளியும். பாதிதான்: 'உனக்குத் தருகிறேன்' என்பதற்குக் குரெரு போட்டால் சிரிப்பார்கள். அப்புறம் எழுவாயை ஒட்டி வரும் 'வா', 'கா' இடைச்சொற்களின் வேறுபாட்டுக்குத் தமிழ் உதவாது, அங்கே அடிபட்டுத்தான் கற்க வேண்டும்.

மறுமொழி: ஒரகடத்தான்

அனைவருக்கும் நன்றி. குறுநூல்கள் நான்கை இறக்கிக்கொண்டேன். முதல் நூலை ஒரே மூச்சில் முடித்துவிட்டு, இவ்வளவு எளிதானதையா என்று கொஞ்சம் வெட்கப்பட்டேன்.

ஐயா, நீங்கள் சொன்னது நேற்றே நடந்தது. கீறல் விழுந்த உதிரிபாகத்தைக் காட்டி மேலாளர் 'ஷஷின் ஓ தொத்தே ஓஇதே குதாசாய்' என்றார். வழக்கம்போல் பக்கத்தில் திரும்பப் போனவன், 'ஓஇதே' என்பது 'வைத்து' என்று காதில் விழுந்ததும் நின்றுவிட்டேன்: படம் எடுத்து வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறப்பதற்குள் கைபேசியை எடுத்துவிட்டேன். டிசம்பர் கட்டணத்தை மட்டும் இன்னும் கட்டவில்லை. இரண்டாவது நூலையும் முடித்துவிட்டு யோசிக்கிறேன்.