கலைச்சொல்: இருக்கும் கோப்பை 'இல்லை' என்னும் பிழைச்செய்தி – 'முன்னியக்கி'?

வணக்கம்.

> "அத்தகைய கோப்போ அடைவோ இல்லை" – இதில் என்ன தவறு?

மொழிபெயர்ப்பில் தவறே இல்லை, ஸ்கிரிப்ட் (கட்டளைகளை எழுதிவைத்த உரைக்கோப்பு) ஒன்றை இயக்கும்போது அது வந்து நிற்கும் இடம்தான் கோளாறு. எல்எஸ் (கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டால் ஸ்கிரிப்ட் கண்ணெதிரே இருக்கிறது, இயக்க அனுமதியும் உண்டு. லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் கருவுக்கு) கிடைக்காதது, ஸ்கிரிப்டின் முதல் வரியில் #! குறிக்குப் பின்னால் எழுதியிருக்கும், அதை இயக்க வேண்டிய நிரல். எது கிடைக்காவிட்டாலும் பிழை எண் 2 மட்டுமே திரும்பும், பெயர் வராது. கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல்களில், 5.2-க்கு முந்தைய பேஷ் அந்த முதல் வரியைத் தானே படித்துப் பார்த்து ஓரளவு விளக்கும். டாஷ் 'காணவில்லை' என்பதோடு சரி.

பெரும்பாலும் விண்டோஸில் சேமித்த கோப்புகளில் இது வரும். வரிக் கடைசியில் ஒட்டியிருக்கும் சிஆர் எழுத்தும் (கண்ணுக்குத் தெரியாத வரிமுடிவுக் குறி) அந்த நிரலின் பெயரில் சேர்ந்துவிடும். 'கேட் -ஏ' போட்டு, வரி முடிவில் ^எம்$ தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் அதை நீக்கும் டாஸ்2யூனிக்ஸ் போதும்.

> 'வரிமொழிமாற்றி கிடைக்கவில்லை' என்று போடலாமே?

வரிமொழிமாற்றி என்பது ஸ்கிரிப்டைப் படித்து இயக்கும் இன்டர்பிரிட்டர். பைனரிக்கு (தொகுத்த நிரல் கோப்புக்கு) அந்தச் சொல் பொருந்தாது. கிளிப்சி என்னும் சி நூலகத்துக்குத் தொகுத்த பைனரியை, மசல் என்னும் வேறு சி நூலகம் மட்டும் உள்ள ஆல்பைன் லினக்ஸ் கண்டெய்னரில் இயக்கினாலும் இதே கதைதான். அங்கே இல்லாதது கிளிப்சியின் டைனமிக் லிங்கர். அது எந்த மொழியையும் மாற்றுவதில்லை. நூலகங்களை ஏற்றிவிட்டு நிரலிடம் பொறுப்பைக் கொடுத்துவிடும். ஆனால் பைனரியின் அமைப்பைக் காட்டும் 'ரீட்எல்ஃப் -எல்' அதையும் இன்டர்பிரிட்டர் என்றே காட்டுகிறது. இரண்டுக்கும் பொதுவாக 'முன்னியக்கி' என்கிறேன்.

-----

> 'முன்னியக்கி' என்கிறேன்.

இயக்கி என்றாலே நம் ஆட்களுக்கு டிரைவர்தான். அச்சுப்பொறி இயக்கி, ஒலி இயக்கி எல்லாம் மெனுவரை போய்விட்டன. 'முன்னியக்கி கிடைக்கவில்லை' என்று வந்தால் டிரைவரைத் தேடிப் பதிவிறக்கப் போவார்கள். தானே முதலில் இயங்குவதால் 'முன்னியங்கி' என்று வைத்துக்கொள்ளலாமா?

எங்கே மாற்றுவது என்பதிலும் கவனம் வேண்டும். பிழை எண் 2-க்கான சரம் கிளிப்சியுடையது. கேட், சிபி போன்ற கட்டளைகள் எல்லாம் அதையே எடுத்துக்கொள்கின்றன, அதைத் தொடக்கூடாது. பேஷ் 5.2-இல் 'தேவையான கோப்பு கிடைக்கவில்லை' என்ற பொருளில் தனிச் சரம் இருக்கிறது. அதை மட்டும் இப்படி மாற்றலாம்:

"இயக்க இயலவில்லை: இதற்குரிய முன்னியங்கி கிடைக்கவில்லை"

-----

'முன்னியங்கி' சரி, ஏற்கிறேன்.

நிரலை வேறு அடைவுக்கு மாற்றிய பிறகு, பேஷ் பழைய பாதையையே நினைவில் வைத்துக்கொண்டு 'இல்லை' என்னுமே, அதை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே செய்தி உண்மை. அந்த நினைவை அழிக்கும் 'ஹாஷ் -ஆர்' கொடுத்தால் தீரும். வெளியேறு குறி 127-உடன் வரும் 'கட்டளை காணப்படவில்லை' என்பதும் அப்படியே இருக்கட்டும்.