தாம்பரம், மேடவாக்கம் பக்கம் பிளாட் (அடுக்குமாடி வீடு) வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை: பலர் எழுதிய பதிவுகள், ஒவ்வொன்றின் மேலேயும் எழுதியவரின் புனைபெயர்

ஏரிக்கரை:

"இந்த ஏரியாவில் தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் தரகர் "நிக்காது" என்பார், பக்கத்து ஊர்க்காரர் "நிக்கும்" என்பார். இரண்டுமே உதவாது. கேட்க வேண்டியது தெருவைப் பற்றி. ஒரே நகரில் ஒரு தெருவில் முழங்கால் தண்ணீர் இரண்டு நாள் கிடக்கும்; இரண்டு தெரு தள்ளி, மழை விட்ட அரை மணி நேரத்தில் ரோடு தெளிந்துவிடும்.

இங்கே ஏரிகள் சங்கிலியாக இருக்கின்றன. சிட்லபாக்கம் நிரம்பினால் செம்பாக்கம், பிறகு நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலம். அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைச் சேர வேண்டும். கடலில் ஓதம் (அலையேற்றம்) ஏறியிருந்தால் அந்த வடிகால் மெதுவாகிவிடும். மழை நின்ற பிறகும் வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தண்ணீர் வடியாமல் நிற்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அதனால் வீட்டுக்கு அருகே உள்ள ஏரியில் கலங்கல் (நிரம்பிய நீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், அந்த நீரைக் கொண்டுபோகும் மறுகால் வாய்க்கால் எந்த வழியாகப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மனை ஏரியின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில் விழுகிறதா, கரைக்கு வெளியே ஏரிப் பாசனம் பெற்ற பழைய ஆயக்கட்டு வயலில் விழுகிறதா என்பது அடுத்தது. உள்வாய் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். ஆயக்கட்டு வயலாக இருந்தால், அதில் ஓடிய கிளை வாய்க்கால் இப்போது எந்தத் தெருவாக மாறியிருக்கிறது என்று தேடுங்கள். அந்தத் தெருவில்தான் தண்ணீர் நடக்கும்.

முடிச்சூர், வரதராஜபுரம் கணக்கு வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எல்லோரும் செம்பரம்பாக்கம் ஏரியையே பேசினார்கள். செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் திருநீர்மலை அருகேதான் அடையாற்றில் சேர்கிறது. முடிச்சூர் அதற்கு மேலே இருக்கிறது. அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் போன்ற மேல் ஏரிகளின் தண்ணீர். முடிச்சூரில் வீடு பார்க்கிறவர் செம்பரம்பாக்கத்தின் நீர்மட்ட அடியளவை மட்டும் செய்தியில் பார்த்து நிம்மதியடைந்தால் தவறான ஏரியைப் பார்க்கிறார்.

ஊர்ப்பெயரையும் தெருப்பெயரையும் காது கொடுத்துக் கேளுங்கள். தாங்கல் என்றாலே ஏரிதான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ சாலை இருக்கிறது, ஏரி இல்லை. தி.நகர் எழுந்ததே அந்த நெடிய ஏரியின் மேல்தான்.

மட்டக்கோல்:

ஏரிக்கரை சார் சொன்னதோடு அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கண் மட்டம் ஏமாற்றும். டியூப் லெவல் ஏமாற்றாது. மேஸ்திரிகள் வைத்திருக்கும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டியூப், 15 மீட்டர் போதும். தண்ணீரில் சொட்டு நீலம் கலந்து ஊற்றுங்கள், மட்டம் பளிச்சென்று தெரியும். ஒரு முனையை ரோட்டின் நடு மேட்டில் ஸ்கேலோடு நிறுத்துங்கள், மறு முனையைக் கார் நிறுத்தும் தளத்தில் இன்னொரு ஸ்கேலோடு. தரையிலிருந்து நீர்மட்டம் வரை இரண்டு பக்கமும் அளந்து கழித்தால் உயர வித்தியாசம் வந்துவிடும். டியூபுக்குள் காற்றுக் குமிழி இருந்தால் கணக்கு தப்பும். முனையை உயர்த்தித் தாழ்த்திக் குமிழியை வெளியேற்றிவிட்டு அளக்க வேண்டும். டியூபின் ஒரு பகுதி மட்டும் வெயிலில் கிடந்து சூடானாலும் கொஞ்சம் தப்பும்.

பார்க்கிங் தளம் ரோட்டைவிட ஒன்றரை அடியாவது மேலே இருந்தால் நல்லது. பழைய பிளாட்டுகளில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். பழைய தாரை மில்லிங் செய்து எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, கட்டும்போது மூன்று படி ஏறிப் போன கட்டடத்துக்கு இன்று ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். அந்தக் கட்டடத்துக்குள் மழைநீர் மட்டுமல்ல, தெருச் சாக்கடையும் வரும்.

பழைய வெள்ளத்தின் தடயத்தை மறைப்பது எளிதல்ல. கீழே மூன்று அடிக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். மரக் கதவு நிலையின் அடிப்பாகம் உப்பியிருக்கிறதா, இரும்பு கேட்டின் கீழ்ப்பட்டையைத் துரு தின்றிருக்கிறதா, மீட்டர் பெட்டிக்குப் பின்னால் சேற்றுக் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். எதிரே மளிகைக்கடை இருந்தால் ஷட்டரின் துருக்கோடே சாட்சி. இஸ்திரி போடுகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் இருவரிடமும் 2015, 2023 இரண்டு ஆண்டுகளையும் தனித்தனியாகக் கேளுங்கள். மிக்ஜாம் புயலில் நின்ற இடமும் 2015-இல் நின்ற இடமும் எல்லா ஊரிலும் ஒன்றல்ல.

அடுத்தது தூண்கள். ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் நிற்கும் கார் தளம்) தூணின் அடியில் ஒரு அடி உயரத்துக்கு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் சரி. டொக்கு டொக்கென்று வெற்றொலி வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று சந்தேகப்படுங்கள். கம்பி போகும் திசையிலேயே நேர்கோடாக விரிசல் இருந்தால் அதுவும் பெரும்பாலும் துருதான். இதற்கு மேலே சிமெண்ட் பூச்சு பூசி மறைப்பது சிகிச்சையல்ல. தளர்ந்த கான்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த கலவை வைக்க வேண்டும். ஒன்றிரண்டு தூண் என்றால் அந்தச் செலவை விலையில் குறைக்கச் சொல்லலாம். பாதித் தூண்கள் அப்படி இருந்தால் வீட்டை விட்டுவிடுங்கள்.

மேல்மாடி வீடு மலிவாகக் கிடைக்கும். மொட்டை மாடியில் தட்டோடு பதித்த தளம் இருக்கிறதா, கீழே செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் கோடைச் சூடு எவ்வளவு இறங்கும், மழை கசியுமா என்று ஒரே நேரத்தில் விளங்கிவிடும்.

குழாய்த்தடம்:

தரைத்தள வீட்டில் வெள்ளம் வாசல் வழியாக வருவதற்கு முன்பே பாத்ரூம் வழியாக வந்துவிடும். தெரு மேன்ஹோல் நிரம்பினால் கழிவுநீர் மிகத் தாழ்வான திறப்பைத் தேடும். அது தரைத்தளத்து நானி ட்ராப் (பாத்ரூம் தரையின் வடிகால் வாய்) அல்லது இந்தியன் கிளாசெட். தீர்வு, கட்டடத்தின் கடைசி சேம்பருக்கும் தெரு மேன்ஹோலுக்கும் நடுவே ஒரு நான் ரிட்டர்ன் வால்வு, அதாவது கழிவுநீரை வெளியே மட்டும் விட்டு உள்ளே திரும்ப விடாத வால்வு. அடைக்கும் நாக்கில் துணியோ நாப்கினோ சிக்கினால் அது மூடாது. அதனால் செப்டம்பர் கடைசியில் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். வால்வு மூடியிருக்கும் நேரத்தில் மேல்மாடிக்காரர்கள் ஃபிளஷ் செய்தால் அந்தத் தண்ணீர் வெளியே போக வழியின்றித் தரைத்தளத்துக்குள்ளேயே பொங்கும் என்பதைப் பல அசோசியேஷன்கள் மறந்துவிடுகின்றன. அன்று எல்லா வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும்.

சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) மூடி பார்க்கிங் தரையோடு தரையாக இருந்தால் வாங்கிய பிறகு முதல் வேலை அதன் கழுத்தை இரண்டு அடி உயர்த்துவது. மூடிக்கு ரப்பர் கேஸ்கெட் வைத்து, வழிநீர்க் குழாயின் வாயையும் அதே உயரத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மூடியை உயர்த்திவிட்டு அந்தக் குழாயை மறப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

வெள்ளம் சூழ்ந்திருக்கும்போது சம்ப்பைக் காலி செய்யாதீர்கள். வெளியே நிலத்தடி நீர் மேலே இருக்க, காலித் தொட்டி படகு மாதிரி மேலெழும்பப் பார்க்கும். அடித்தளம் விரியும், பைபர் தொட்டியென்றால் அப்படியே பெயர்ந்துவிடும். தண்ணீர் வடிந்த பிறகு இறைத்து, தேய்த்துக் கழுவி, நிரப்புங்கள். கிருமி நீக்க 10,000 லிட்டருக்கு 33 சதவீத குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் 150 கிராம். அதை நேரே கொட்டாமல் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். குடிக்க அந்தத் தண்ணீர் வேண்டாம்.

கீழ்வீடு:

அண்ணே, கோடைக்கும் கொஞ்சம் சொல்லுங்கள். வெள்ளத்தைப் பார்த்து வாங்கிவிட்டு ஏப்ரலில் லாரிக்குக் காசு கொடுத்து மாளாமல் நிற்கிற அபார்ட்மெண்டுகள் செம்பாக்கம், மேடவாக்கம் இரண்டிலும் உண்டு.

குழாய்த்தடம்:

கணக்குப் போட்டுவிடலாம் தம்பி. 12 வீடு, வீட்டுக்கு 4 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர்: 6,480 லிட்டர். போர் முழுக்க வற்றினால் 12,000 லிட்டர் லாரி இரண்டு நாளுக்குக்கூட முழுதாக வராது. மாதம் சுமார் 16 லோடு. உங்கள் பகுதி லாரி விலையால் பெருக்கி 12-ஆல் வகுத்தால் கோடையில் ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஏறும் என்று தெரியும். அசோசியேஷனிடம் சென்னை வறண்டு தவித்த 2019 மே, ஜூன் மாதங்களின் வரவு செலவுப் புத்தகத்தைக் கேளுங்கள். அதைவிட நேர்மையான சாட்சி இல்லை.

போர் தண்ணீரை டி.டி.எஸ். (கரைந்த உப்புகளின் அளவு) மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, 2,000-ஐத் தாண்டினால் குடிக்க ஆகாது. ஆனால் டி.டி.எஸ். குறைவாக இருந்தும் இரும்பு கூடுதலாக இருக்கலாம். வெள்ளை வாளியில் பிடித்து ஒரு இரவு வையுங்கள். காலையில் அடியில் செம்பழுப்பு படிந்திருந்தால் இரும்பு.

மழைநீர் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம். இருக்கிறது என்பார்கள். மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். பாதிக்கு மேல் சேறு தட்டிய குழி சேமிக்காது, வெளியே தள்ளும். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மொட்டை மாடியில் ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டர் மழைக்கு 80 சதவீதம் பிடித்தாலே சுமார் இரண்டரை லட்சம் லிட்டர். இவ்வளவு தண்ணீரை ரோட்டில் விட்டுவிட்டு லாரிக்குக் காத்திருப்பது மனதுக்கு வேதனை.

பத்திரக்கட்டு:

தண்ணீரைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டீர்கள். காகிதத்திலும் அதே தண்ணீர் இருக்கிறது. பட்டாவும் புல வரைபடமும் நிலத்தின் வகை எழுதிய அ பதிவேடும் அரசின் இ-சேவைத் தளத்திலேயே பார்க்கலாம். அ பதிவேட்டில் வகைப்பாடு வாய்க்கால், ஏரி, நீர்ப்பிடிப்பு, புறம்போக்கு என்று இருந்தால் வங்கி லோன் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மனையை ஒட்டி வாய்க்கால் போகிறதா என்று புல வரைபடத்தில் தெரியும். அதை அளந்து, கட்டடம் அதன் மேல் ஏறியிருக்கிறதா என்று சர்வேயரை வைத்துப் பாருங்கள்.

வில்லங்கச் சான்று 30 ஆண்டுக்காவது போடுங்கள். டவுன் சர்வே முடிந்த ஊரில் புது டி.எஸ். (டவுன் சர்வே) எண்ணுக்கு மட்டும் போட்டால் பழைய சர்வே எண்ணில் பதிந்த அடமானம், செட்டில்மெண்ட் எதுவும் வராது. இரண்டு எண்ணுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். விற்பவர் லோன் வாங்கியிருந்தால் எம்.ஓ.டி. (பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து அடமானம் வைத்ததன் ஆவணம்) பதிவு இருக்கும், அதன் ரத்து ரசீதும் பதிவாகியிருக்க வேண்டும். "அடைச்சாச்சு சார்" என்ற வாய் வார்த்தையும் வங்கிக் கடிதமும் மட்டும் போதாது.

மனைப்பிரிவு அங்கீகாரம் இல்லாததாக இருந்தால், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்குள் பதிவானதா, வரன்முறை ஆணை வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கட்டடத்துக்குத் திட்ட அனுமதி வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் மாடிகளை எண்ணுங்கள். ஸ்டில்ட்டும் மூன்று மாடியும் என்று அனுமதி வாங்கி நான்காவது மாடியில் ஒரு வீடு விற்பது நடக்கிறது. அந்த வீடு மலிவாக இருப்பதன் காரணமே அதுதான்.

யு.டி.எஸ்., அதாவது நிலத்தில் உங்களுக்குரிய பிரிக்கப்படாத பங்கு, கட்டாயம் கணக்குப் போடுங்கள். இரண்டு கிரவுண்டு நிலம் 4,800 சதுர அடி, எல்லா வீடுகளும் சேர்ந்து 9,600 சதுர அடி, உங்கள் வீடு 800 என்றால் 400 வர வேண்டும். பத்திரத்தில் 310 என்றால் மீதி யாரிடம் என்று கேளுங்கள். நாளை கட்டடம் பழசாகி இடித்துக் கட்டும்போது உங்கள் பங்கு இதுதான். 2022 அடுக்குமாடி உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் இருந்தால் மறுகட்டுமானம் செய்யலாம்.

வட்டிக்கணக்கு:

விலை மட்டும் பார்த்து "கட்டுப்படி" என்று முடிவு செய்பவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். 50 லட்சத்துக்கு பழைய பிளாட் என்றால் வங்கி 80 சதவீதம், 40 லட்சம் வரைதான் தரும். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம், 4.5 லட்சம், இது லோனில் வராது. ஆக, கையில் 14.5 லட்சம் வேண்டும். அதற்கு மேல் வக்கீல், தரகு, மேலே நண்பர்கள் சொன்ன சம்ப், வால்வு வேலைகள். 40 லட்சத்துக்கு 20 ஆண்டு, 8.5 சதவீதம் என்றால் தவணை சுமார் 34,700.

புதுப் பிளாட்டை பில்டரிடமிருந்து முதல் முறை பதிந்தால் 50 லட்சம் வரை 6 சதவீதம்தான். ஆனால் கட்டுமானத்தில் இருக்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு: விலை 45 லட்சத்துக்குள், கார்பெட் பரப்பு 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் 1 சதவீதம், இல்லையென்றால் 5. பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜி.எஸ்.டி. இல்லை. பில்டர் ரெரா (வீட்டுமனை ஒழுங்குமுறை ஆணையம்) எண் காட்டாமல் முன்பணம் கேட்டாலோ, ஒப்பந்தம் பதியும் முன் 10 சதவீதத்துக்கு மேல் கேட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள்.

வீட்டுக் காப்பீடு பலர் எடுப்பதில்லை. பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரியான பாலிசி 2021 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் இருக்கிறது. வெள்ளம் அதில் அடக்கம். நிலத்தின் விலைக்கு எடுக்கக் கூடாது, கட்டுமானச் செலவுக்கு மட்டும் எடுத்தால் பிரீமியம் குறையும். லிஃப்ட், மோட்டார், மின் பேனல் போன்ற பொதுச் சாமான்கள் தனி வீட்டுப் பாலிசியில் பெரும்பாலும் வராது. அசோசியேஷன் பெயரில் தனியாக எடுக்க வேண்டும்.

கீழ்வீடு:

லிஃப்டைப் பற்றி ஒன்று. மழை எச்சரிக்கை வந்ததும் அதை இரண்டாம் மாடியில் நிறுத்தி மெயினை அணைத்துவிட வேண்டும். கீழே நின்றால் குழியில் தண்ணீர் ஏறி, கூண்டுக்கு அடியில் இருக்கும் வயரிங்கெல்லாம் போய்விடும். மீட்டர் போர்டு 2015 தண்ணீர்க் கோட்டுக்கு இரண்டு அடி மேலே இருக்கிறதா என்றும், தெருமுனை பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்றும் பாருங்கள். பெட்டி தாழ்வாக இருந்தால், உங்கள் கட்டடம் எவ்வளவு மேட்டில் இருந்தாலும் தண்ணீர் வடியும் வரை மின்சாரம் வராது. மோட்டார் ஓடாது, மேல் தொட்டி மறுநாளே காலியாகும். வயதான பெற்றோர் இருக்கும் வீட்டுக்கு முதல் மாடிதான் பொருத்தம். தண்ணீர் பெரும்பாலும் எட்டாது, லிஃப்ட் நின்றாலும் ஒரு தளம்தான் ஏற வேண்டும்.