பேஸ்ட் மூணு தடவை மாத்தியும் புராசசர் 100 டிகிரி: எங்கீங்க தப்பு?

கட்டிங்டேபிள் (திருப்பூர்):
வணக்கமுங்க. பனியன் கம்பெனியில பேட்டர்ன், மார்க்கர் (வெட்டற துண்டுகளைத் துணி வீணாகாம அடுக்கற வரைபடம்) கம்ப்யூட்டர்ல போடற வேலை எனக்கு. சிஸ்டத்துல புராசசர் இன்டெல் ஐ5-10400, அதைக் குளிர வெக்கறது டப்பாவோட வந்த கூலர்தான். ரெண்டு மாசமா மார்க்கர் ஓட விட்டா ஃபேன் கத்துது, அப்புறம் மவுஸே நகர மாட்டேங்குது. தொறந்து பார்த்தா கூலர் இடுக்கெல்லாம் பஞ்சு, மெத்தையாட்ட. கழட்டி, ப்ளோயர்ல ஊதிப்போட்டு, புராசசருக்கும் கூலருக்கும் நடுவுல இருந்த பழைய பேஸ்டை வழிச்செடுத்துப் புதுசு வெச்சு மாட்டினேன். பஞ்சு போச்சு, சூடு முன்னைக்கும் மோசம். சும்மா இருக்கறப்பவே 65, மார்க்கர் போட்டா ஒரே நிமிசத்துல 100.

வீடியோவுல பட்டாணி அளவுன்னாங்க, வெச்சேன். பத்தலையோன்னு ரெண்டாந்தடவை கார்டால முழுசாத் தடவினேன். மூணாந்தடவை வேற பேஸ்ட். அதே 100. புராசசர் போயிருச்சுங்களா? மொதலாளிகிட்டச் சொல்றதுக்கு முந்தி கேட்டுக்கறேன்.

மஞ்சமண்டி (ஈரோடு):
போகலீங்க. 100 டிகிரிதான் அந்தப் புராசசரோட எல்லை. அதைத் தொட்டா தானா வேகத்தைக் குறைச்சுத் தப்பிச்சுக்கும், அதான் மவுஸ் நகரலை. ஆமா, பட்டாணின்னா எந்தப் பட்டாணி?

கட்டிங்டேபிள்:
குருமாவுல போடறதுங்க. ஊற வெச்சது.

மஞ்சமண்டி:
அட சாமி! துவரம்பருப்பு அளவு போதுமுங்க. ஆனா பேஸ்ட் சாஸ்தியானா ஓரத்துல பிதுங்கி அசிங்கமாகும், ரெண்டு மூணு டிகிரி ஏறும். அதுக்காகச் சும்மா இருக்கறப்பவே 65க்குப் போகாது. வேற என்னமோ இருக்குது.

பழையபோர்டு (கோவை):
தம்பி, பேஸ்டை மாத்தி மாத்திப் பிரயோசனமில்ல. பேஸ்ட்னா என்னமோ குளிர்ச்சியான மருந்துன்னு எல்லாரும் நெனைக்கறாங்க. செம்பு சூடு கடத்தற அளவு 400ன்னு வெச்சா, நல்ல பேஸ்டே பெரும்பாலும் பத்துக்குள்ளதான். காத்து 0.03கூட வராது. கூலரும் புராசசரும் பார்க்க மழமழன்னு இருந்தாலும் ரெண்டுலயும் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்துல காத்து நிக்காம அடைக்கறதுக்குத்தான் பேஸ்ட். அதை மெலிசா நசுக்கி விடறது கூலரோட அழுத்தம். அழுத்தம் இல்லைன்னா எந்த டியூப் வாங்கினாலும் ஒண்ணுதான்.

இப்பச் சொல்லு, கூலரைக் கழட்டறப்ப பேஸ்ட் எப்படிப் பதிஞ்சிருந்துச்சு?

கட்டிங்டேபிள்:
இப்பத்தானுங்கணா மறுக்கா கழட்டிப் பார்த்தேன். ரேம் பக்கம் மெலிசா பரவியிருக்குது. எதிர்ப்பக்கம் வெச்சது வெச்சபடியே கட்டியா நிக்குது.

பழையபோர்டு:
அவ்வளவுதான் விசயம். கூலர் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்குது. அந்தப் பக்கத்துக் கால் மாட்டலை.

கூலர்ல நாலு கருப்புக் குமிழ் இருக்குமில்ல, மேல அம்பு போட்டிருக்கும். அம்பு காட்டறது கழட்டற திசை. நீ கழட்டறப்பத் திருப்பினவன், மாட்டறப்ப அப்படியே அமுக்கியிருப்பே. அமுக்கறதுக்கு முந்தி நாலையும் அம்புக்கு எதிர்ப்பக்கம் கடைசி வரைக்கும் திருப்பி வெச்சுக்கோ. புராசசர் மாட்டியிருக்கற மதர்போர்டை வெளிய எடுத்து மேசையில வெச்சுப் பண்ணு, பெட்டிக்குள்ளயே அமுக்கினா போர்டு வளையும். ஒரு குமிழ், அடுத்து அதுக்கு மூலைக்கு மூலை எதிர்ல இருக்கறது. கார் டயருக்கு நட்டு முடுக்கற மாதிரி. ஒவ்வொண்ணும் டிக்குனு சத்தம் குடுக்கணும். அப்புறம் போர்டைத் திருப்பிப் பாரு: நாலு ஓட்டையிலயும் வெள்ளைக் கால் விரிஞ்சு, நடுவுல கருப்பு முள்ளு எட்டிப் பார்க்கணும். ஒண்ணுல முள்ளு காணோம்னா அதுதான் உன்ற 100 டிகிரி.

இன்னொண்ணு, தூக்கின கூலரை அதே பேஸ்ட் மேல திருப்பி வெக்காதே. உள்ள காத்து மாட்டிக்கும். எதுல துடைச்சே?

கட்டிங்டேபிள்:
நம்மூர்ல எதுலீங்க துடைப்பாங்க? பனியன் வேஸ்ட்டும் சானிடைசரும்தான்.

பழையபோர்டு:
ஊரே மிஷின் துடைக்கறது அதுலதான், ஆனா இதுக்கு ஆகாது. நூல் பிசிறு ஒட்டிக்கும். சானிடைசர்ல கிளிசரின் மாதிரி வழவழப்பு கலந்திருந்தா அது ஒரு படலமா நின்னுக்கும். செல்போன் ரிப்பேர் சாமான் விக்கற கடையில ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்னு கேளு. மூக்குக்கண்ணாடி துடைக்கற துணியில தொட்டுத் துடை.

ஆழியார்க்காத்து (பொள்ளாச்சி):
சித்த நடுவுல வர்றேன், மன்னிக்கோணும். ஏஎம்டி கம்பெனியோட ரைசன் புராசசர், அதுவும் ஏஎம்4ங்கற சாக்கெட்ல மாட்டறது வெச்சிருக்கறவங்க கூலரை நேரா மேல இழுத்துப்போடாதீங்க. பேஸ்ட் காஞ்சு புடிச்சிருந்தா புராசசரும் கூடவே வந்துரும். அதுல சாக்கெட்ல சொருகற மெல்லிசான கம்பி முள்ளெல்லாம் புராசசர் அடியிலதான். எனக்கு வந்துச்சு, ஒரு வரிசையே படுத்துருச்சு. பழைய ஏடிஎம் கார்டை இடுக்குல விட்டு ஒவ்வொண்ணா நிமித்தறதுக்கு ஒரு ராத்திரி ஆச்சு. பத்து நிமிசம் ஓட்டிச் சூடு பண்ணி, ஆஃப் பண்ணி, கரண்ட் வயரைப் புடுங்கிப்போட்டு, கூலரை இப்படியும் அப்படியும் லேசாத் திருகி அப்புறமேட்டுக்குத் தூக்குங்க. இன்டெல்ல புராசசர் மேல இரும்புச் சட்டம் பூட்டியிருக்கறதால அந்தத் தொல்லை இல்ல.

கட்டிங்டேபிள்:
அண்ணா, கண்டுபுடிச்சாச்சு! ரெண்டு குமிழ் அம்புப் பக்கமே திரும்பிக் கெடந்துச்சு. ஒண்ணுல முள்ளு பாதி, ஒண்ணுல சுத்தமா இல்ல. நல்லாத் துடைச்சு, துவரம்பருப்பு அளவு வெச்சு, மூலைக்கு மூலை அமுக்கினேன். நாலு டிக்கும் கேட்டுச்சு. சும்மா இருக்கறப்ப 41. பெரிய மார்க்கர் அரை மணி நேரம் ஓடுச்சு, 74 தாண்டலை. ஏசி இல்லாத ரூமுங்க இது.

பேஸ்டை வருசா வருசம் மாத்தோணுமா?

பழையபோர்டு:
வேண்டாம். கூலரைக் கழட்டினா மாத்து, இல்லைன்னா சூடு மெல்ல மெல்ல ஏறுச்சுன்னா மாத்து. உங்க ஊருக்குப் பஞ்சுதான் எமன், மாசம் ஒருக்கா ஊதிரு. ஊதறப்ப ஃபேன் சுத்தாம விரல்ல புடிச்சுக்கோ.

கட்டிங்டேபிள்:
சரிங்ணா, ரொம்ப நன்றி. சிஸ்டம் ஓடறதைப் பார்த்து மொதலாளிக்குச் சந்தோசம். இப்ப எதுக்குடா மூணு டியூப்புன்னு பில்லைக் கையில வெச்சுட்டு நிக்கறாரு. பட்டாணிக் கதையச் சொல்லப் போறேன்.