புதுப்பிப்பு: கடைவாய்ப் பல்லில் ஆன்லே பொருத்தியாகிவிட்டது

பழைய வெள்ளி அடைப்பின் ஓரம் உடைந்த கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு கிரவுனா (பல் முழுவதையும் மூடும் உறை), ஆன்லேயா (பழுதான பகுதியை மட்டும் மூடி ஒட்டும் துண்டு; எனக்குச் செராமிக்கில்) என்று கேட்டிருந்தேன். ஆன்லேதான். சொத்தையைச் சுரண்டிய பிறகு நாக்குப் பக்கத்து முகடு (மெல்லும் பரப்பில் எழும் மேடு) ஒன்று மட்டுமே பலவீனமாக இருந்தது. முகடுகள் எல்லாம் உறுதியாக இருந்திருந்தால், நடுக்குழியில் அமரும் இன்லேயே போதுமாம். கிரவுன் என்றால் நல்ல பகுதியையும் சுற்றிலும் செதுக்கியிருப்பார்கள். அது தவிர்ந்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

அச்செடுத்த பிறகு இரண்டு வாரம் தற்காலிக அடைப்பு. அது ஒருமுறை கழன்றது, உடனே சரிசெய்தார்கள்.

ஒட்டும் நாளில்தான் பொறுமை தேவைப்பட்டது. எச்சில் படாமலிருக்க ரப்பர் திரை கட்டி, பல்லையும் செராமிக்கின் உட்புறத்தையும் தனித்தனி அமிலங்களால் சொரசொரப்பாக்கி, பிசின் சிமெண்டால் ஒட்டி, ஒளி பாய்ச்சி இறுக்கினார் மருத்துவர். ஈரம் பட்டால் பிடிப்பே போய்விடுமாம். ஒட்டும் வரை மெல்லிய செராமிக் எளிதில் விரிசல் விடும் என்பதால், கடித்துப் பார்க்கச் சொன்னதும் கடைசியில்தான்.

குளிர்ந்த நீர் பட்டால் வந்த கூச்சம் ஐந்தாம் நாள் அடங்கிவிட்டது. தூக்கத்தில் பல் கடிப்பவன் என்பதால் இரவுக் கவசத்துக்கும் அளவெடுத்திருக்கிறார்கள். யோசித்துப் பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.