ஒயிட்லிஸ்டில் போட்டும் இ-வே பில் திறக்கவில்லை, வண்டி நிற்கிறது

சிப்காட்கணக்கு:
அவசரம். கடலூர் சிப்காட்டில் சின்ன கம்பெனி. முதலாளி சொன்னார் என்று நேற்று ஃபயர்வாலில் இணையத்தை வடிகட்டும் ஃபில்டரில் எல்லா வகைத் தளங்களையும் பிளாக் செய்துவிட்டு வேண்டியதை மட்டும் ஒயிட்லிஸ்டில் (அனுமதிப் பட்டியலில்) போட்டோம். ஜிஎஸ்டி தளம் வருகிறது, சரக்கு வண்டிக்கு எடுக்கவேண்டிய இ-வே பில் தளத்துக்குப் போனால் பிளாக் பக்கம்தான் வருகிறது. ஜிஎஸ்டி எல்லாமே போட்டாச்சு. பாண்டிக்கு லோடு ஏற்றிய வண்டி கேட்டில் நிற்கிறது, டிரைவர் ஹாரன் அடிக்கிறார்.

வில்லியனூர்வாசி:
எந்த ஃபயர்வால்? ஒயிட்லிஸ்டில் என்ன எழுதியிருக்கிறீர்களோ அதை அப்படியே இங்கே போடுங்கள். பிளாக் பக்கத்தில் எந்த ரூல் தடுத்தது என்று ஒரு வரி இருக்குமே?

மஞ்சக்குப்பம்மணி:
இது டிஎன்எஸ்தான் (தளத்தின் பெயரை ஐபி எண்ணா மாத்துறது), சந்தேகமே வேண்டாம். கூகுளோட டிஎன்எஸ் 8.8.8.8 போட்டுப் பாருங்க.

வில்லியனூர்வாசி:
அண்ணா, ஃபில்டரே நான்தான் தடுத்தேன் என்று பக்கம் காட்டுகிறதே. டிஎன்எஸ் வழியாக வடிகட்டும் ஃபில்டர் என்றால் 8.8.8.8 போட்டதும் ஃபில்டரே போய்விடும், அப்புறம் அது எதற்கு?

பழையஸ்குவிட்:
ரூலை மேலிருந்து கீழே படிக்கும், முதலில் எது பொருந்துகிறதோ அதுதான் செல்லும். இதுகூடத் தெரியாமல் ஃபயர்வால் பாஸ்வேர்டை யார் கொடுத்தார்கள்? பிளாக் ரூலுக்கு மேலே ஒயிட்லிஸ்ட் இருக்கிறதா, அதைச் சொல்லும்.

சிப்காட்கணக்கு:
மேலேதான் சார் இருக்கு. *.ஜிஎஸ்டி.ஜிஓவி.இன் என்று போட்டிருக்கேன். நட்சத்திரம் போட்டால் எல்லாம் வந்துவிடும்தானே?

கெடிலக்கரை:
பாண்டி இதோ பக்கத்தில், இதற்கெல்லாம் பில் வேணுமா?

வில்லியனூர்வாசி:
தமிழ்நாட்டுக்குள்ளே என்றால் 1 லட்சம் வரை வேண்டாம். பாண்டி வேறு யூனியன் பிரதேசம், ரெட்டிச்சாவடி தாண்டினாலே 50,000 ரூபாய்க்கு மேல் சரக்குக்கு பில் வேண்டும். சிப்காட், முதலில் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் பில்லைப் போட்டு வண்டியை அனுப்புங்கள். அப்புறம் முகவரியை நிதானமாகப் படியுங்கள்: இவேபில்ஜிஎஸ்டி.ஜிஓவி.இன். 'பில்'லுக்கும் 'ஜிஎஸ்டி'க்கும் நடுவே புள்ளி இல்லை. அது தனி டொமைன், உங்கள் நட்சத்திரத்துக்குள் அடங்காது. இ-இன்வாய்ஸ் தளத்தில் அந்தப் புள்ளி உண்டு, அதனால் அது திறக்கும். இதைத் தனி வரியாகச் சேருங்கள்.

பழையஸ்குவிட்:
நட்சத்திரம்-புள்ளி போட்டால் சில பெட்டிகளில் வெறும் ஜிஎஸ்டி.ஜிஓவி.இன் விட்டுப்போகும். இலவசமாகக் கிடைக்கும் ஸ்குவிட் மென்பொருளில் முன்னால் ஒரு புள்ளி வைத்தால் இரண்டும் அடங்கிவிடும். காசு கொடுத்து வாங்கினால் மூளை தேவையில்லை என்று நினைக்கிறார்கள்.

வில்லியனூர்வாசி:
'அரசு' என்கிற வகையைத் திறந்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. ஒவ்வொரு தளமாக எழுதி மாளாது.

பழையஸ்குவிட்:
எந்தத் தளம் எந்த வகை என்று முடிவு செய்வது ஃபில்டர் விற்கிற கம்பெனி. நேற்று பிறந்த தளம் 'வகைப்படுத்தாதவை'யில் கிடக்கும், அதையும் திறப்பீரா?

வில்லியனூர்வாசி:
திறக்கமாட்டேன். ஆனால் ஒயிட்லிஸ்டும் கிழடு தட்டும் சார். 2025 அக்டோபர் 31க்குள் வங்கிகள் எல்லாம் பேங்க்.இன் என்று முடியும் முகவரிக்கு மாறவேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. பழைய முகவரியை மட்டும் எழுதி வைத்த ஆபீசில் அக்கவுண்ட்ஸ் மேடம்தான் மாட்டிக்கொள்வார்.

மஞ்சக்குப்பம்மணி:
எல்லாத்தையும் பூட்டினா பசங்க செல்லுல யூடியூப் பார்ப்பாங்க, அதுக்கு எந்த ரூல் போடுவீங்க?

பழையஸ்குவிட்:
அது மேனேஜர் வேலை, ஃபயர்வால் வேலை இல்லை.

மஞ்சக்குப்பம்மணி:
மேனேஜரே யூடியூப்தான் பார்க்கிறார்.

சிப்காட்கணக்கு:
தனி வரி போட்டதும் வந்துருச்சு. வண்டி போயாச்சு, நன்றி வில்லியனூர் சார். இப்போ மேடம் பேங்க் சைட் வரலைன்னு நிற்கிறாங்க, பழைய முகவரிதான் போட்டிருக்கேன்.

வில்லியனூர்வாசி:
எந்த பேங்க்?